நான்கு புள்ளிகள்

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மில்லிமீட்டர் அம்மா என்றுதான் சொல்வார்கள். கோட்டு தைப்பதில் அவ்வளவு கறார். மற்ற தையல்காரர்கள் சட்டைக்கு மேலேயே டேப்பைச் சுற்றி அளவெடுத்து அனுப்பிவிடுவார்கள். இவளிடம் அந்தக் கதை நடக்காது. "சட்டையைக் கழட்டிட்டு பனியனோட நில்லுங்க. சட்டைக்கு மேல அளவெடுத்தா கோட்டு சட்டைக்குத்தான் பொருந்தும், ஆளுக்குப் பொருந்தாது" என்பாள். வங்கி மேனேஜரானாலும் சரி, வக்கீலானாலும் சரி, கண்ணாடி முன்னால் பனியனோடு அசடு வழிய நின்றுதான் ஆக வேண்டும்.

முப்பது வருடமாக ஊரில் பாதிப் பேரின் உடம்பைப் பார்த்தவள், பார்த்ததில் ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை. ஆபரேஷன் தழும்பு, ஒரு பக்கம் இறங்கிய தோள், தொப்பையை அடக்கிக் கட்டிய பெல்ட், எல்லாம் அவளோடு சரி. அளவெடுக்கிறவள் அளவைத் தவிர வேறு பேசக்கூடாது என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். மாப்பிள்ளை வந்து நின்ற அன்று அந்தச் சட்டமே தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். மகள் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோனபோது, உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவளை வெளியே எடுத்தவன். எடுத்ததோடு போயிருக்கலாம், போகவில்லை. இரண்டு வருடத்தில் விஷயம் பதிவாளர் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைக்குத் தேதி வாங்கும் அளவுக்கு வந்துவிட்டது. பெண்ணைக் கேட்பதற்கு முன்பே "அத்தை" என்று கூப்பிட ஆரம்பித்தவன் அவன். அதிர்ந்து பேசமாட்டான். வந்தால் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுத்தான் போவான். அவளுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் வெயில் கொளுத்தும் நாளில்கூட அவன் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானை அவிழ்த்து அவள் பார்த்ததில்லை. தையல்காரியின் கண்ணுக்கு இது தப்புமா?

"சட்டையைக் கழட்டுங்க மாப்பிள்ளை."

அவன் மகளைப் பார்த்தான். மகள் அவனைப் பார்த்தாள். வெட்கப்பட்டுப் பார்த்துக்கொண்ட பார்வை அல்ல அது. படித்துவிட்டு வந்த பரீட்சையில் எதிர்பார்த்த கேள்வியே வந்ததுபோல் ஒரு பார்வை.

"கழட்டுங்க, அம்மா அப்படித்தான்" என்றாள் மகள்.

இடது மேற்கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஸ்வஸ்திகா பச்சை குத்தியிருந்தது. நான்கு கைகளுக்கும் இடையே நான்கு புள்ளிகள். அவள் டேப்பைச் சுற்றினாள். விரல் நுனி புள்ளிகளின் மேல் பட்டபோது அங்கே தோல் கொஞ்சம் சொரசொரத்தது. "கைச்சுற்று முப்பத்திரண்டு சென்டிமீட்டர்" என்று நோட்டில் எழுதினாள். குரல் மாறவில்லை, ஆனால் அதே அளவை இரண்டாவது தடவையும் எழுதினாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஐந்து வருடம் முன்பு ஒரு சாயங்காலம், கடை அடைக்கும் நேரத்தில், முகத்தை மூடிக்கொண்டு ஏழெட்டு இளவட்டங்கள் இந்தத் தெருவுக்குள் வந்தார்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களின் கடைகளாகப் பார்த்து, ஷட்டர்களில் கறுப்புப் பெயின்ட்டால் இதே சின்னத்தைச் சாய்வாக வரைந்தார்கள். பக்கத்துக் கடையில் செருப்பு தைக்கும் அண்ணன் வெளியே வந்து "என்னப்பா பண்றீங்க" என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். அடித்த அடியில் இடது காது போயே போய்விட்டது. யாரும் பிடிபடவில்லை.

அவளும் பிழைக்க வந்தவள்தான் என்பதால் அவள் ஷட்டரிலும் வரைந்துவிட்டுப் போனார்கள். டர்பன்டைன் போட்டுத் தேய்த்து, மேலே இரண்டு பூச்சு பச்சைப் பெயின்ட்டும் அடித்தாள். இன்றைக்கும் பிற்பகல் வெயில் சாய்வாக விழும்போது பச்சைக்கு அடியிலிருந்து அது எட்டிப் பார்க்கும். இப்போது அதுவே ஒரு கையில் ஏறி, பனியனோடு வந்து, அத்தை என்று கூப்பிடுகிறது.

கேட்டுவிட்டால் என்ன? கேட்டு, ஒன்றுமில்லை என்று ஆனால், மகள் ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டாள். கேட்காமல் விட்டு, அவன் அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவனாக இருந்தால்? ஒற்றை மகள். கணவர் போன பிறகு இந்த வீட்டில் இருக்கும் ஒரே பேச்சுச் சத்தம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

மறுநாள் மதியம் கடையைப் பூட்டிவிட்டு நூலகத்துக்குப் போனாள். அவள் தம்பி அங்கே வேலை பார்க்கிறான். ஒன்றைக் கேட்டால் ஒன்பது சொல்லும் ரகம். மகளின் மாமன் என்பதால் அவனிடம் உண்மையைச் சொல்ல முடியாது. "ஒரு கஸ்டமர் துணியில ஸ்வஸ்திகா எம்பிராய்டரி போடச் சொல்றார். போடலாமா?" என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, அதோட வயசு தெரியுமா உனக்கு? பத்தாயிரம் வருஷத்துக்கும் மேல. யானைத் தந்தத்துல செதுக்கின ஒரு பறவை மேல இருக்கு. பானையில இருக்கு, சமாதியில இருக்கு, கோயில் தரையில இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இராத ஜனங்க ஆளுக்கொரு கண்டத்துல உட்கார்ந்து இதையே வரைஞ்சிருக்காங்க."

"எதுக்கு?"

"யாருக்குத் தெரியும்? சூரியன் சுத்துறதுன்னு சிலர், நாலு திசைன்னு சிலர். பின்னால மங்கலம், நல்லது நடக்கும்னு ஆச்சு. நூறு வருஷம் முன்னாடி வாழ்த்து அட்டையில, குளிர்பான விளம்பரத்துல எல்லாம் அதிர்ஷ்டச் சின்னமா போட்டிருக்கான். அப்புறம் வெளிநாட்டுல ஒரு கட்சிக்காரன் கொடியில ஏத்தினான். லட்சக்கணக்கான பேரைக் கொன்னான். பத்தாயிரம் வருஷத்தை இருபத்தஞ்சு வருஷத்துல கெடுத்துட்டுப் போயிட்டான்."

"நல்லது எது, கெட்டது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"வலப்பக்கம் திரும்பினா நல்லது, இடப்பக்கம் திரும்பினா கெட்டதுன்னு ஊர்ல சொல்வாங்க. அதெல்லாம் காதுல பூ சுத்துற வேலை. பழசுல ரெண்டு பக்கமும் இருக்கு. கொடியில இருந்தது பெரும்பாலும் சாய்ஞ்சு, ஒரு முனையில நிக்கும். மங்கலச் சின்னம் நேரா உட்கார்ந்திருக்கும். நடுவுல நாலு புள்ளி இருந்தா சந்தேகமே வேண்டாம், அது நம்ம பழைய ஆளுதான்."

புள்ளி என்றதும் அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதிப் பாதிக்காகக் கடைக்கு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு, தன் இடது கையிலேயே சாக்கட்டியால் அந்தச் சின்னத்தை வரைந்து கண்ணாடி முன் நின்றாள். கையைத் தொங்கவிட்டால் நேராக உட்கார்ந்திருந்தது. இடுப்பில் வைத்தால் சாய்ந்துகொண்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கையைத் தூக்கி இறக்கும் மனிதனிடம் எது நேர், எது சாய்வு? ஐம்பத்திரண்டு வயதில், பட்டப் பகலில், தன் கையில் கோலம் போட்டுக் கண்ணாடியோடு சண்டை போடுகிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு சரியாக வரவில்லை.

சாயங்காலம் மகள் வந்தவுடன் கேட்டாள். "கையில என்னம்மா வெள்ளையா?"

"சாக்கட்டி. வேலைன்னா ஒட்டத்தானே செய்யும்."

மகள் அந்த வெள்ளையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அழித்த பிறகும் தெரியும் கோடுகள் உண்டு என்பதை இந்த வீட்டில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு, "நாளைக்கு டிரையலுக்கு அவர் வருவார். எனக்கு டியூட்டி முடிய லேட்டாகும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மதியம் அவன் தனியாகத்தான் வந்தான். கோட்டில் வலது கை மட்டும் பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாகப் பொருத்தியிருந்தது. இடது கை இன்னும் மேஜை மேல் கிடந்தது. பனியனோடு நின்றவனுக்குக் கோட்டைப் போட்டுவிட்டு, இடது தோளில் குண்டூசி குத்தக் குனிந்தாள். வாசல் வெளிச்சம் நேராக அவன் மேற்கையில் விழுந்தது. அப்போதுதான் பார்த்தாள்.

கோடுகள் பச்சை. பல வருடம் வெயிலும் சோப்பும் பட்டு வெளுத்து, ஓரம் கலைந்த பச்சை. புள்ளிகள் கறுப்பு. நேற்று வைத்ததுபோல் பளிச்சென்ற கறுப்பு. ஒரு புள்ளியின் ஓரத்தில் மெல்லிய தோல்கூட இன்னும் உரிந்துகொண்டிருந்தது. அளவெடுத்த அன்று விரலில் சொரசொரத்தது இதுதான்.

ஊரில் வேறு யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். அவளை ஏமாற்ற முடியாது. பழைய கோட்டைப் பிரித்து வேறு ஆளுக்குத் தைத்துக் கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவள். முதல் தையலுக்கும் இரண்டாவது தையலுக்கும் நூல் ஒரே நிறம்போலத் தெரியும், ஆனால் ஒன்றாக இருக்காது. இது ஆல்டரேஷன். தம்பி சொன்ன பழைய சின்னமாக இருந்தால் புள்ளியும் கோடுகளோடு சேர்ந்து வெளுத்திருக்கும். தம்பி படித்த அத்தனை புத்தகத்திலும் இந்த ஒரு வரி இல்லாமல் போய்விட்டது.

அவள் குண்டூசிகளைக் கீழே வைத்தாள். முப்பது வருடச் சட்டத்தையும் அங்கேயே வைத்தாள்.

"கையில இருக்கிறது என்ன மாப்பிள்ளை?"

"அதுவா அத்தை... அது மங்கலச் சின்னம். பத்தாயிரம் வருஷத்துப் பழசு. நாலு புள்ளி இருக்கு பாருங்க, அது..."

"புள்ளிக்கு என்ன வயசு?"

கண்ணாடியில் தன்னையே பார்த்தான். ஒரு கை மட்டும் உள்ள கோட்டில் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தான். அவளுக்குப் பரிதாபம் வரவில்லை.

"மூணு வாரம்" என்றான்.

"கோடுகளுக்கு?"

"ஏழு வருஷம். பத்தொன்பது வயசுல குத்தினது. அர்த்தம் தெரியாம குத்தலை அத்தை. தெரிஞ்சுதான் குத்தினேன். அவங்களோட ரெண்டு வருஷம் சுத்தினேன். இந்தத் தெருவுக்கும் வந்தேன்."

"எந்த ஷட்டர்ல வரைஞ்ச?" நீங்க என்பது நீ ஆகிவிட்டதை இருவருமே கவனித்தார்கள்.

"ஞாபகம் இல்லை. அஞ்சாறு இருக்கும். இதுவாவும் இருக்கலாம். பக்கத்துல அவரை அடிச்சப்ப நான் தெருமுனையில காவலுக்கு நின்னேன். அடிக்கலை. தடுக்கவும் இல்லை. அன்னியோட அவங்க பக்கம் போகலை. அதுக்காக நல்லவன்னு சொல்லிக்கலை."

"அப்புறம் எதுக்கு இந்தப் புள்ளி வேஷம்? மூணு வாரம் முன்னாடி திடீர்னு மங்கலம் வந்துடுச்சா?"

வாசலைப் பார்த்தான். அவளும் திரும்பினாள். டியூட்டி லேட்டாகும் என்று சொன்ன மகள் ஆஸ்பத்திரி யூனிஃபார்மோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அவரைத் திட்டாதம்மா. முதல் நாளே உன்கிட்ட சொல்லிடறேன்னாரு. நான்தான் விடலை. புள்ளி வைக்கச் சொன்னது நான்."

"நீயா?" என்றாள் மில்லிமீட்டர் அம்மா.

"நீதானேம்மா சொல்வே. பழைய தையல் ஓட்டை தெரிஞ்சா அது மேல ஒரு பாக்கெட் வை, நாலு பட்டன் வை, பார்க்கிறவன் கண்ணு பட்டனுக்குப் போயிடும்னு. உன் கண்ணு போகும்னு நினைச்சேன்" என்றாள் மகள். "நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயம்."

இத்தனை நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை நடக்குமா நடக்காதாங்கிறதை நான் சொல்ல முடியாது" என்றாள் கடைசியில். "அடிபட்டது நான் இல்லை. பக்கத்துக் கடையில அண்ணன் இருக்கார். கோட்டைக் கழட்டு. சட்டையைப் போட்டுக்காதே, பனியனோடயே போ. கையைக் காட்டி, என்கிட்ட சொன்னதை அவர்கிட்ட சொல்லு. வலது பக்கமா நின்னு சொல்லு. இடது காது கேட்காது."

அவன் கோட்டைக் கழற்றினான். கழற்றும்போது கோட்டில் இருந்த குண்டூசி ஒன்று தோளைக் கீறியது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"நீயும் போ" என்றாள் மகளிடம். "புள்ளி உன்னோடது."

இருவரும் வெளியே போனார்கள். அவள் கோட்டை மாட்டியில் தொங்கவிட்டாள். பக்கத்துக் கடையில் சுத்தியல் சத்தம் நின்றது. வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள். செருப்பு தைக்கும் அண்ணன் கையிலிருந்த ஷூவை மடியில் வைத்துவிட்டு, எவர் பேசினாலும் செய்வதுபோல், தலையை லேசாகச் சாய்த்து வலது காதைக் கொடுத்தார்.

ஐந்து வருடமாக அந்தச் சாய்த்த தலையை அவள் தினமும் பார்க்கிறாள். அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டேன் அண்ணே, இருந்திருந்தால் ஓடி வந்திருப்பேன் என்று அந்த வலது காதில் சொன்னவளும் அவள்தான். ஆனால் அவள் வீட்டுக்குப் போகவில்லை. அந்தச் சாயங்காலம் ஷட்டரை உள்ளேயிருந்து முழுக்க இறக்கிவிட்டு, வெட்டுமேஜைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு அடியும் அவள் காதில் விழுந்தது.

கோட்டின் இடது கை மேஜை மேல் அப்படியே கிடந்தது. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அதன் மேல் போட்டுவிட்டு, அவளும் பக்கத்துக் கடைக்கு நடந்தாள்.