ஐதாயின் ஆறு குதிரைகள்

தலாந்த் ஒரு வருஷம் என்று சொல்லித்தான் வெளிநாட்டு நகரமான நோவோசிபிர்ஸ்க்குக்கு டாக்சி ஓட்டப் போனான். அந்த ஒரு வருஷம் ஏழாக நீண்டது. இப்போது விவாகரத்துக்காகச் சொந்த ஊரான கோச்கோரில் வந்து இறங்கியவனைப் பார்த்துக் கோபப்பட அவன் மனைவி நூர்சாத் முயன்றாள். அந்தக் கோபமும் காத்திருந்து அலுத்து எப்போதோ கிளம்பிப் போயிருந்தது.

நோட்டரி சைரா அக்காவின் அறையில் டீ ஊற்றும் வேலை நூர்சாத்துக்கு வந்தது. தலாந்தின் கோப்பையை மட்டும் விளிம்பு வரை நிரப்பினாள். அந்த ஊரில், இருந்து பேச வேண்டிய விருந்தாளிக்குக் கால் கோப்பைதான் ஊற்றுவார்கள். நிரப்பினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அவனுக்கும் அது புரிந்தது. மடமடவென்று குடித்து முடித்தான்.

அவளுக்கு வேண்டியது மகள் ஐதாய் மட்டும்தான். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று, ஐந்தாவது மாடியில் வாடகைக்கு ஓர் அறையும் பிடித்தாயிற்று. ஆனால் ஐதாய் பிறந்ததிலிருந்து தாத்தாவிடம், அதாவது தலாந்தின் அப்பாவிடம், நிற்கும் குதிரைகளோடு திரிந்தவள். யார் பக்கம் இருக்கப்போகிறாய் என்று கேட்டால், குதிரைகள் பக்கம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் நூர்சாத்துக்கு இருந்தது. அதனால் இதுவரை அந்தக் கேள்வியை யாரையும் கேட்கவே விடவில்லை.

சொத்துப் பிரிப்பு விறுவிறுவென்று நடந்தது. சொத்து அவ்வளவுதான்.

"பாதி கட்டின வீடு?" என்றாள் சைரா அக்கா.

"அவளே வச்சுக்கட்டும். கூரையே இல்ல," என்றான் தலாந்த்.

"கார்?"

"அவனே வச்சுக்கட்டும். பிரேக்கே இல்ல," என்றாள் நூர்சாத்.

"இவ்வளவு ஒத்துமையா பிரியறவங்கள நான் பாத்ததில்லம்மா."

"அப்புறம் குதிரை ஆறு," என்றான் தலாந்த். "ஆளுக்கு மூணு. என் பங்கை விக்க முன்பணம்கூட வாங்கிட்டேன்."

நூர்சாத் நிமிர்ந்தாள். "எந்தக் குதிரை?"

"அப்பாகிட்ட நிக்குதே, நம்ம குதிரைங்க."

"நம்மளுதா? ஐதாய் நடக்க ஆரம்பிச்சப்ப, வழக்கப்படி அவ கால்ல நூலைக் கட்டி அறுத்தோமே, அன்னைக்கு மாமா அவளுக்கு என்சியா, அவளுக்குன்னே தனிச் சொத்தா, ஒரு செவலைக் குட்டி குடுத்தாரு. நீயும்தான் பக்கத்துல நின்னே. மத்த அஞ்சும் அது வழியா வந்ததுங்க."

சைரா அக்கா பேனாவை மூடி வைத்தாள். பிள்ளைக்கு என்சியாகக் கொடுத்ததும் அது ஈன்றதும் பிள்ளைக்கே சொந்தம். அதை அப்பன் விற்றான் என்றால் ஊரில் தலைகாட்ட முடியாது. அப்பா அனுப்பிய போட்டோவில் குதிரைத் தலைகளை எண்ணிய தலாந்த், அவை யாருடையவை என்று கேட்டிருக்கவில்லை. அவன் காது மடல் சிவந்துவிட்டது.

"அப்ப எங்க மூணு பேர்ல பணக்காரி அவதானா?" என்றான்.

"அவதான். முதலாளியம்மாவைக் கூப்பிடுங்க," என்றாள் சைரா அக்கா.

நூர்சாத்துக்குத் திக்கென்றது. அந்தக் கேள்வி மகளிடமே போகும்படி தன் வாயாலேயே வம்பை இழுத்துவிட்டிருந்தாள்.

வராந்தாவில் இறைச்சி வைத்த சம்சா தின்றுகொண்டிருந்த ஐதாய் உள்ளே வந்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டாள்.

"அம்மாகூடப் போக எனக்கு ஆசைதான். ஆனா தாத்தாவுக்கு முட்டி வலி. குதிரைங்களப் பாத்துக்க ஆள் கிடைக்காம நான் எங்கயும் வரல."

நூர்சாத் தன் வாடகை அறையை நினைத்துக்கொண்டாள். குதிரைகளை ஐந்தாவது மாடிக்கா ஏற்ற முடியும்?

"நான் பாத்துக்கறேன்," என்றான் தலாந்த்.

"நீங்களா? என்ன சம்பளம் வேணும்?"

அவன் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்: "கோடை லீவு பூரா மலையில என்கூட இரு. அது போதும்."

அவன் என்ன கேட்டாலும் பதில் சொல்லத் தயாராகத்தான் நூர்சாத் வந்திருந்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. கோடை முழுக்க மகள் இல்லாத அறையை நினைத்தால் அழுகை வந்தது. மகள் இல்லாமல் அவன் கழித்த கோடைகளை நினைத்தாலும் வந்தது. ஐதாய் அவள் முகத்தைப் பார்த்தாள். நூர்சாத் தலையசைத்தாள்.

"எவ்வளவு நாள் இருப்பீங்க?" என்றாள் ஐதாய்.

"ஒரு..." என்று ஆரம்பித்த தலாந்த் நாக்கைக் கடித்துக்கொண்டான். "நீ போகச் சொல்ற வரைக்கும்."

"அந்த முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வேலைக்கு வாங்க."

விவாகரத்துத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நூர்சாத் அவன் கோப்பையை வாங்கி, கால் கோப்பை மட்டும் ஊற்றிக் கொடுத்தாள்.