அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன்

வெளிநாட்டில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிற பெண்களுக்கு, வரக்காப்பொலயில் ஞாயிறுதோறும் ஆங்கில வகுப்பு நடந்தது. அன்றைக்கு லக்ஷிகா டீச்சர் பலகையில் எழுதியது 'லுக் ஆஃப்டர்'.

"பிள்ளையப் பாத்துக்கிட்டாலும் லுக் ஆஃப்டர், கடையப் பாத்துக்கிட்டாலும் லுக் ஆஃப்டர். பஸ்ல பக்கத்து ஆள்கிட்ட இந்த பேக்கைக் கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொல்றீங்கல்ல, அதுக்கும் இதுதான். சும்மா வேடிக்கை பாக்கிறதுக்கு இது வராது. எங்க, ஆளுக்கு ஒரு வசனம். ஒங்க வீட்டுல நடக்கிறதச் சொல்லுங்க."

ஒருத்தி மாமியாரைச் சொன்னாள். இன்னொருத்தி இரட்டைப் பிள்ளைகளைச் சொன்னாள். அடுத்தது பிரேமலதா. கித்துல்கலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒரு காம்பராவில் ஒற்றை ஆள்.

"ஐ லுக் ஆஃப்டர் மை மதர்."

"வெரி குட்," என்றார் டீச்சர்.

ஏஜென்சிக்காரன் போனில் கேட்டபோதும் அதே வசனம்தான் வாயில் வந்தது. அம்மா படுத்த படுக்கை என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"அப்ப அனுபவம் இருக்கே! போயா அன்னைக்கி சைப்ரஸ்ல இருந்து வீட்டுக்கார நோனா வீடியோல பேசுவாங்க. அம்மாவையும் காட்டணும், ஹரித, சரியா?"

இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் பேச ஒரு ஆள் இல்லை. கீழ் லயத்து அழகம்மாவிடம் போய் நின்றாள். மகன்கள் கொழும்போடு போய்விட்ட கிழவி. நன்றாக நடமாடுகிறவள்.

"படுத்துக் கெடக்கணுமா? சாகையில செய்யப்போறதுதானே. வெத்தல வாங்கித் தா புள்ள."

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். பௌர்ணமி விடுமுறையான போயா அன்று அது பூட்டிக் கிடந்தது. ஆயாவிடம் சாவி வாங்கி, தொட்டில் சேலைகளைச் சுருட்டி மேலே செருகிவிட்டுப் பாயை விரித்தாள். அழகம்மா கழுத்துவரை போர்த்திக்கொண்டாள். வாய் நிறைய வெற்றிலை.

"துப்புங்க பெரியம்மா!"

அதற்குள் போன் அடித்துவிட்டது. கிழவி வாயை இறுக மூடிக் கண்ணையும் மூடினாள்.

திரையில் நரைத்த பெண் ஒருத்தி. எப்படி ஊட்டுவாய், எப்படிப் புரட்டிப் போடுவாய், எப்படிக் குளிப்பாட்டுவாய் என்று கேட்டாள். அதற்கெல்லாம் பிரேமலதாவுக்குப் பொய் தேவைப்படவில்லை. அம்மாவுக்குச் செய்ததை அப்படியே சொன்னாள். கடைசியாக ஒரு கேள்வி. நீ இங்கே வந்துவிட்டால் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?

பிரேமலதா பாயைப் பார்த்தாள். தகரத்தில் மழை விழுந்தது.

"மை சிஸ்டர்," என்றாள்.

நரைத்த பெண் தலையாட்டினாள். அடுத்த மாதமே வா என்றாள்.

அழகம்மா எழுந்துபோய் வாசலில் துப்பிவிட்டு வந்தாள்.

"கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சி பெரியம்மா."

"கடைசியா என்னமோ கேட்டாளே, நீ கூட தயங்குன?"

"ஒங்கள யாரு பாத்துக்குவான்னு கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"தங்கச்சி ஒருத்தி இருக்கான்னு."

அழகம்மா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"எந்த லயத்துல இருக்கா அவ?"

பிரேமலதாவுக்குச் சிரிப்பு வந்தது. அழகம்மா சிரிக்கவில்லை.