கப்பல் நேரம்

ஒலிபெருக்கி க்விலிம் ப்ராஸரின் பெயரைச் சொன்னபோது, அவன் மனைவி நெரிஸ் பதினோராம் தளத்தின் கம்பியோரம் நின்றிருந்தாள். எல்லோரும் கப்பலுக்குத் திரும்பியிருக்க வேண்டிய ஐந்து மணி கடந்துவிட்டது. ஐந்தரைக்குப் புறப்பாடு. தாமதமாக ஓடிவருகிறவர்களை மேலிருந்து கைதட்டியும் சீட்டியடித்தும் கேலி செய்வது அந்தக் கப்பலின் அன்றாட வேடிக்கை. அதற்கான கூட்டம் ஏற்கெனவே சேர்ந்திருந்தது.

"இன்னிக்கு மாட்டினவன் யாருப்பா?" என்றார் பக்கத்தில் பியர் கோப்பையோடு நின்ற லிவர்பூல்காரர். "கோட்டையைப் பார்க்கப் போனவன் அங்கேயே ஒருத்தியைப் பார்த்துட்டான் போல."

"பொண்டாட்டி கப்பல்ல இருந்தா? பாவம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எதுக்குப் பாவம்? அவளுக்கு இப்பதான் லீவே ஆரம்பிக்குது!" கூட்டம் சிரித்தது. அவர் நெரிஸின் பக்கம் திரும்பி, "என்னம்மா, சரிதானே?" என்றார்.

நெரிஸும் சிரித்தாள். அது தன் கணவன் என்று சொல்லவில்லை.

கப்பல் நடத்தும் சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும். தாமாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. க்விலிமுக்கு அது தெரியும். "கொடி பிடிச்சவன் பின்னால ஆட்டு மந்தை மாதிரி போறதுக்கா வந்தோம்?" என்று கிரேக்கத் துறைமுகமான பிரேயஸில் கப்பல் ஏறிய அன்றே சொல்லிவிட்டான். அதன்பின் ஒவ்வொரு துறைமுகத்திலும் அவன் தன் வரைபடத்தின் பின்னால் போனான். அவள் இருபதடி தள்ளி, வியர்வை படர்ந்த அவன் சட்டை முதுகின் பின்னால் போனாள். இன்றைய துறைமுகமான கோட்டோரில், மலைக்கோட்டைக்கு ஆயிரத்து முந்நூறு படிகள்.

"உன் முட்டி தாங்காது. பாதியில உட்கார்ந்துடுவ. நீ இங்கயே இரு," என்றான் காலையில்.

"சரி. ஆனா நேரம் பார்த்துக்கோ, க்வில். கப்பல்ல..."

"முப்பது வருஷம் நம்ம ஊர் ஸ்வான்ஸி முழுக்க பஸ்ஸுக்கு நேரம் போட்டுக் குடுத்தவன்கிட்ட நீ நேரம் சொல்றியா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கதவு சாத்திக்கொண்டது.

அன்றைய அறிவிப்புத்தாள் அவள் கையிலேயே இருந்தது. கப்பல் கிரேக்க நேரத்தையே பின்பற்றும். கரையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். கைபேசிகள் தாமாகவே கரை நேரத்துக்கு மாறிவிடும், அவற்றை நம்ப வேண்டாம். பகலில் இரண்டு முறை அவனை அழைக்க அவள் கைபேசியை எடுத்தாள். முதல் முறை, கவனித்திருப்பான் என்று நினைத்து வைத்துவிட்டாள். இரண்டாம் முறை, கவனித்திருக்க மாட்டான் என்று அவளுக்கு உறுதியாகவே தெரிந்தது. அப்போதும் வைத்துவிட்டாள். முதலாவதற்குக் காரணம் சொல்ல முடியும். இரண்டாவதற்கு என்ன சொல்வது என்பது அவளுக்கே விளங்கவில்லை.

அவள் அறைக்குப் போனபோது கப்பல் அதிகாரி மாரிவிக் வாசலில் காத்திருந்தாள்.

"மேடம், உங்க கணவரோட பாஸ்போர்ட்டைக் கரையில இருக்கிற எங்க ஏஜென்ட்கிட்ட குடுத்துடணும். நீங்களும் இறங்குறதா இருந்தா இப்பவே சொல்லணும். பத்து நிமிஷம்தான் இருக்கு."

"இறங்குறேன்," என்றாள் நெரிஸ். வேறு பதில் இருப்பதாகவே தோன்றவில்லை. அவன் மாத்திரைகள், கம்பளிச் சட்டை, இருவரின் பல் துலக்கிகள், தன் இரவு உடை எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு கீழே வந்தாள்.

இறங்கும் பாலத்தின் முனையில் நின்றாள். வெயிலில் வெறிச்சோடிய கரை. அங்கே போய் நின்றால் என்ன நடக்கும் என்பது வரிக்கு வரி தெரிந்திருந்தது. அவன் வருவான், "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத, பஸ்ஸுல போயிடலாம்" என்பான், நாளை மறுநாள் அடுத்த துறைமுகமான கோர்ஃபுவில் கப்பலைப் பிடிப்பதற்குள் இது அவனுடைய சாகசக் கதையாகிவிடும். 'நாங்க' என்று தொடங்கும் கதை. நாற்பது ஆண்டுகளாக அத்தனை கதைகளிலும் அந்தச் சொல்லுக்குள் அவள் இருந்திருக்கிறாள். ஒன்றில்கூட அவள் வாய் திறந்ததில்லை.

பையைத் திறந்து, தன் பல் துலக்கியையும் இரவு உடையையும் வெளியே எடுத்தாள். பையை மாரிவிக்கிடம் நீட்டினாள்.

"நான் வரல."

"நிச்சயமா, மேடம்?"

"மாத்திரை சின்னப் பையில இருக்கு. படுக்கப் போறப்ப ஒண்ணு. ஏஜென்டை அவர்கிட்ட சொல்லச் சொல்லுங்க."

அவள் மேல்தளத்துக்குத் திரும்பியபோது கயிறுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். பழைய நகரின் வாயிலிலிருந்து வெள்ளைத் தொப்பியோடு ஒரு மனிதன் வந்தான். ஓடவில்லை. கரை நேரத்துக்கு மாறிய அவன் கைபேசியில் மணி நாலரைதான். நிதானமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு வந்தான். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் விரிவதைக் கண்டதும்தான் ஐஸ்கிரீமை எறிந்துவிட்டு ஓடினான்.

"வந்துட்டான்யா!" என்று லிவர்பூல்காரர் கத்த, தளம் முழுவதும் ஆரவாரம் எழுந்தது.

க்விலிம் மேலே பார்க்கவில்லை. ஏஜென்டிடம் பையை வாங்கினான், ஏதோ கேட்டான். பிறகு கரையில் தேட ஆரம்பித்தான். ஏஜென்டின் வேனுக்குப் பின்புறம், இருக்கைகள், பயணச்சீட்டுக் கூடத்தின் உள்ளே. தேடுவது தன்னைத்தான் என்று நெரிஸுக்குப் புரிந்த கணத்தில் அவள் கைபேசி அடித்தது.

"நெரிஸ், எங்க இருக்க? உன் பாஸ்போர்ட் வரலைன்னு சொல்றான் இவன்."

"மேல இருக்கேன்."

"மேலன்னா?"

"கப்பல்ல, க்வில்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நீ இறங்கலையா?"

"இல்ல. மணி விஷயம் எனக்குக் காலையிலேயே தெரியும். மத்தியானம் உனக்குச் சொல்லணும்னு போனை எடுத்தேன். சொல்லல."

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. "ஏன்?" என்றான். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தான். அது அவன் வழக்கமில்லை.

"சரி," என்றான் கடைசியில். "நீ எங்க நிக்கிறன்னு தெரியல. கையைத் தூக்கிக் காட்டு."

அவள் கையை உயர்த்தினாள். அவளைச் சுற்றி நூறு பேர் சிரித்துக்கொண்டே அவனுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும்தான் ஆட்டுறாங்க, நெரிஸ். இதுல உன் கை எது?"

அவள் விளக்க முயன்றாள். கப்பல் மலையைச் சுற்றித் திரும்பியது, பேச்சு அறுந்தது. கூட்டம் கலைந்து சாப்பிடப் போனது. அவள் கையை இறக்கவில்லை.