இருநூற்றுப் பதினான்கு பேருக்குப் போன முதல் பத்திரிகை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் செலண்டார் என்ற ஊரில், பெரியதம்பி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். எஸ்டேட் ஆபீசில் முப்பத்தோரு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த பெரியதம்பி. அவர் மனைவி முனியம்மா. அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கும் மகள் மோகனா. இட்லிக் குண்டானைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு செலின் டீச்சர். போனுக்குள் தெரிந்த வீராசாமியையும் சேர்த்தால் ஐந்து. இதற்கு மேல் அங்கே ஆள் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் பிற்பாடு கேள்விப்பட்டவர்கள்.

வீராசாமி முனியம்மாவின் அண்ணன். உம்பாய் என்ற கடலோர ஊரில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். மோகனாவுக்குத் தாய்மாமன். அந்தக் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை முதலில் குலசாமி காலடிக்குப் போகும், அடுத்தது தாய்மாமன் கைக்கு. வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து, வீட்டுக்காரரே நேரில் போய் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊருக்கு. மூன்று தலைமுறையாக இந்த வரிசை மாறியதில்லை. மாற்றப் பார்த்தவர்களைப் பெரியதம்பி சும்மா விட்டதும் இல்லை.

கடைசியில் மாற்றியவர் பெரியதம்பியேதான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், அச்சகக்காரர் போனுக்கு அனுப்பியிருந்த பத்திரிகைப் படத்தில் எழுத்துப் பிழை பார்க்க உட்கார்ந்தார். கண்ணாடி போடவில்லை. ஓர் அம்புக்குறி தெரிந்தது, தொட்டார். பெயர்கள் வரிசையாக வந்தன, மேலே இருந்ததைத் தொட்டார். படம் 'பழைய எஸ்டேட் சொந்தங்கள்' என்ற வாட்சப் குழுவில் போய் உட்கார்ந்துகொண்டது. குழுவில் இருநூற்றுப் பதினான்கு பேர். பெரியதம்பிக்கு வேர்த்துவிட்டது. அங்கே இங்கே தட்டி ஒருவழியாக அழித்தார். திரையில் படம் காணாமல் போனது. அழித்தது அனுப்பாததற்குச் சமம் என்று முடிவு செய்து நிம்மதியாகக் கோப்பி குடித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை அச்சாகி வந்த பத்திரிகையைக் குலசாமி காலடியில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தட்டு தயாரானது. புறப்படுமுன் சொல்லிவிடலாம் என்று உம்பாய்க்குப் போன் போட்டார். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. பிறகு அங்கிருந்தே வீடியோ கால் வந்தது. திரை முழுக்க வீராசாமியின் மூக்கும் மீசையும்.

"மச்சான், இன்னிக்கி வரோம். பத்திரிகை வைக்கணும்."

"எதுக்கு மாப்பிள்ளை சிரமம்? அதான் வெள்ளிக்கிழமையே வந்திருச்சே. நானும் மீன்கடை வீரமுத்துவும் ஒண்ணாத்தான் பார்த்தோம். அவன் எனக்கு முந்தியே வாழ்த்து போட்டுட்டான். ரெண்டு ரோஜாப்பூவோட."

"யாரோ கெளப்பி விட்டிருக்கான். என் போன்ல பாருங்க, ஒண்ணுமே இல்ல."

மோகனா தன் போனை நீட்டினாள். "அப்பா, நீங்க அழிச்சது உங்க போன்ல மட்டும்தான் லா. மத்தவங்ககிட்ட அப்படியே இருக்கு. மேல உங்க பேரு. காலையில ஆறு மணி ஏழு நிமிஷம்."

"நான்கூட கும்பிடு போட்டேனேண்ணே," என்றார் செலின் டீச்சர், குண்டானை மடியில் வைத்தபடி.

"முப்பத்தோரு வருஷம் ஆபீஸ் ஃபைலைக் கட்டி மேய்ச்ச மனுஷன்!" என்றாள் முனியம்மா.

போனுக்குள் வீராசாமி கனைத்தார். "பரவால்ல. இருநூறு பேர்ல ஒருத்தனா வந்து சாப்பிட்டுட்டுப் போறேன். தாய்மாமன் மாலைய வீரமுத்து எடுத்துக் குடுக்கட்டும்."

"மாமா குடுக்காம நான் மணவறை ஏற மாட்டேன்," என்றாள் மோகனா. விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் நிறைந்திருந்தது.

பெரியதம்பி தட்டைப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு தடவையும் சொல்லாத வார்த்தையை இப்போது சொல்ல வேண்டியிருந்தது.

"மச்சான்... அது போனது... என் கையாலதான்."

"என்னது? லைன் சரியில்ல மாப்பிள்ளை."

"என் கையாலதான்! தப்பு என்னோடதுதான்!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா..."

அப்போது மோகனா திரையை உற்றுப் பார்த்தாள். "மாமா, உங்க பின்னால நம்ம மாரியம்மன் கோயில் வளைவு தெரியுதே?"

சட்டென்று திரை இருண்டது. வீராசாமி கட்டை விரலால் மூடிவிட்டார். "அது... உம்பாயிலயும் ஒண்ணு இருக்கு."

"அதுல உபயம்னு எங்க அப்பா பேரு இருக்கு மாமா."

இந்தத் தடவை லைன் ரொம்பச் சரியாக இருந்தது. காலை எட்டு மணியிலிருந்தே வீராசாமி பட்டு வேட்டியோடு சாலையின் எதிர்ப்புறம், கோயில் வளைவுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திக்கொண்டு, முறையாக யாராவது வந்து கூப்பிட வேண்டுமே என்று காத்திருந்தார்.

பெரியதம்பி தட்டைத் தூக்கினார். இரண்டு கையும் தட்டுக்கு வேண்டும், ஆகவே போனை வெற்றிலைமேல் சாய்த்து வைத்துக்கொண்டார். வீடியோ காலை யாரும் துண்டிக்கவில்லை. முதலில் துண்டிப்பவர் இறங்கி வந்ததாக ஆகிவிடும்.

"வரேன் மச்சான்."

"வாங்க மாப்பிள்ளை. லாரி வருது, பாத்து."

"பாத்துட்டேன் மச்சான்."

பத்தடி தூரத்தில் ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு தடவை கேட்டது. கோயில் வளைவின் கீழ் பெரியதம்பி தட்டை நீட்டினார். "சாமிக்கு அடுத்து முதல் பத்திரிகை உங்களுக்குத்தான் மச்சான்." வீராசாமி வாங்கக் கை நீட்டினார். "மாலை நான்தான் எடுத்துக் குடுப்பேன்" என்று அவர் வாயும் சொன்னது, வெற்றிலைக்கு நடுவிலிருந்து போனும் சொன்னது.

மறுநாள் அதே குழுவில், பெரியதம்பி நடுரோட்டில் மச்சான் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டதாக ஒரு செய்தி வந்தது.

விழவில்லை. தட்டு கை மாறியபோது வெற்றிலை வழுக்கி, போன்தான் வீராசாமியின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அதை எடுக்கப் பெரியதம்பி குனிந்தார். எடுத்தார். நிமிர்ந்தார்.