கீழிருந்து பார்த்த கால் வரிசை

எங்கள் கடை ஒரு செவ்வாய்க்கிழமை காணாமல் போனது. கட்டிடம் இருந்தது, ஷட்டர் இருந்தது, உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகளில் பாகங்கள் இருந்தன, நானும் தம்பியும் இருந்தோம். இணையத்தில்தான் இல்லை. தேடுபொறி தன் விதிகளை மாற்றிக்கொண்டதாம். முந்தின வாரம்வரை ஒரு நாளைக்கு அறுபது பேர் விசாரித்த இடத்தில் அன்று ஐந்து பேர் விசாரித்தார்கள். அதில் ஒருவர், வீட்டுக்கு வந்து டிவி ரிப்பேர் செய்வீர்களா என்று கேட்டிருந்தார்.

நாங்கள் ரிப்பேர் செய்வதில்லை. ரிப்பேர் செய்கிறவர்களுக்குப் பாகம் விற்கிறோம். ரெகுலேட்டர், ரிலே, கெப்பாசிட்டர் என்று சர்க்யூட் போர்டில் உட்காரும் எல்லாம் எங்களிடம் உண்டு. வெப்சைட், பார்சல் எல்லாம் தம்பி பொறுப்பு. ஸ்டாக்கும் குறிப்பும் என் பொறுப்பு. குறிப்பு என்றால் வேறொன்றுமில்லை. ஒரு கம்பெனி ஒரு பாகத்தைத் தயாரிப்பதை நிறுத்திவிடும். அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் நிற்காது அல்லவா? அதற்குப் பதில் எதை மாட்டலாம், அதன் கம்பிக் கால்களில் எதை எங்கே வளைக்க வேண்டும் என்று எங்கள் வெப்சைட்டில் எழுதுவேன். இருபது வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள். ஒவ்வொன்றும் நானே மாட்டி, கருக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி மாட்டிப் பார்த்து எழுதியது.

எனக்கு ஒரு பழக்கம். பாகத்தைக் கவிழ்த்து, கால்கள் என்னைப் பார்த்தபடி பிடித்துத்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். சால்டர் வைத்துக் காலைப் பற்றவைக்கிறவன் போர்டைத் திருப்பிப் போட்டுத்தான் வேலை செய்கிறான். அவன் கண்ணுக்குப் பாகத்தின் எழுத்து அச்சிட்ட முகம் தெரியாது, கால்தான் தெரியும். அதனால் என் குறிப்பில் கால் வரிசை எப்போதும் கீழிருந்து பார்த்த வரிசை. முகத்தைப் பார்த்து எண்ணினால் இடம் வலமாகிவிடும். இதைச் சொல்ல ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பெரிய படம் ஒன்று உண்டு, என் விரல் நகத்து அழுக்கோடு சேர்த்து. படத்தில்தான் தெரிகிறதே, எழுத்தில் வேறு எதற்கு என்று விட்டுவிட்டேன். திமிர்தான், வேறென்ன.

கடை காணாமல் போன மூன்றாம் வாரம் தம்பி ஒரு நிபுணரை அழைத்து வந்தான். எதைக் கேட்டாலும் மடிக்கணினியைத் திருப்பி ஒரு வரைபடத்தைக் காட்டுவார். வந்த அரைமணி நேரத்தில் அவருக்கு நான் கிராஃப் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"மேடம், முன்னாடி சர்ச் பண்ணா பத்து வெப்சைட் வரும். ஆளுங்க உள்ள வந்து படிப்பாங்க. இப்ப அதுவே எல்லாத்தையும் படிச்சு, மேல ஒரு பெட்டியில பதிலா குடுத்துடுது. அதுக்குக் கீழ யாரும் போறதில்ல," என்றார்.

"படிச்சுன்னா, எதைப் படிச்சு?"

அவர் முகம் மலர்ந்தது. "அங்கதான் உங்களுக்கு அதிர்ஷ்டம்!" என்று ஒரு ரெகுலேட்டரின் எண்ணைத் தட்டினார். மூன்று கால் ரெகுலேட்டர், ஏறி இறங்கும் மின்சாரத்தைச் சமப்படுத்தி போர்டுக்குக் கொடுக்கிற பாகம். பெட்டியில் நான்கு வரி வந்தது. என் வரிகள். என் கால் வரிசை. அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் எங்கள் கடைப் பெயர்.

"பாத்தீங்களா? உங்களையே மேற்கோள் காட்டுது. இதை மட்டும் விட்டுடாதீங்க. இந்தப் பெட்டிதான் இப்ப உங்க கடை வாசல்," என்றார் கிராஃப்.

எழுதியது நான், பதில் சொல்வது அது, வாசலில் நின்று நான் கும்பிடு போட வேண்டுமாம். வாய்வரை வந்ததைத் தம்பியின் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். அவன் அந்த நான்கு வரியைப் பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. பெட்டியில் படம் இல்லை.

அதைக் கவனிக்க வைத்தவர் லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருவர். நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார். எடுத்த எடுப்பில் கத்தினார்.

"உங்க கடைதானே அது? பேர் போட்டிருக்கு பாருங்க. நீங்க சொன்ன வரிசையிலதான் மாட்டினேன். போர்டு புகையா போச்சு! ஆறு மாடிக் கட்டிடம். நாலாவது மாடியில நடக்க முடியாத பெரியவர் ஒருத்தர் இருக்கார். சேர்ல உக்காரவெச்சு நாலு பேர் தூக்கிட்டு இறங்கினோம்."

"பாகத்தை எப்படிப் பிடிச்சு எண்ணினீங்க?"

"எப்படிப் பிடிப்பாங்க? எழுத்து தெரியற மாதிரிதான்."

எங்கள் பக்கத்துக்குள் வந்திருந்தால் அந்தப் படம் அவர் முகத்தில் அறைந்திருக்கும். அவர் வரவே இல்லை. வரத் தேவையில்லை என்று பெட்டி சொல்லிவிட்டது. போர்டைக் கருக்கியது பெட்டிதான் என்று சொல்லலாம். ஆனால் வரிகள் என்னுடையவை. அந்தப் பெரியவரைத் தூக்கிக்கொண்டு இறங்கிய நான்கு பேரும் என்னைத்தான் திட்டியிருப்பார்கள், திட்ட வேண்டியதுதான். லிஃப்ட்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். மாற்றுப் போர்டுக்கு வேண்டிய பாகம் மொத்தத்தையும் நானே சரிபார்த்து, ஒவ்வொரு பொட்டலத்திலும் படம் வரைந்து அன்றைக்கே அனுப்பினேன்.

பிறகு உட்கார்ந்து, அந்தப் பக்கத்தின் முதல் வரியாகவே எழுதினேன்: பாகத்தைக் கவிழ்த்துப் பிடித்து எண்ணவும். இரண்டு நாள் கழித்துத் தேடிப் பார்த்தேன். பெட்டி பழையபடி நான்கு வரிதான் சொன்னது. கவிழ்க்கிற வரியைக் காணோம். கால் வரிசைதானே கேட்டார்கள், மற்றதெல்லாம் வளவள என்று அது முடிவு செய்துவிட்டது. வரியைக் கொட்டை எழுத்தில் போட்டேன். நடுவில் போட்டேன். கடைசியில் போட்டேன். பெட்டி ஒவ்வொரு தடவையும் அதை மட்டும் பொறுக்கித் தூர எறிந்தது.

"கால் வரிசைய எடுத்துடு," என்றேன் தம்பியிடம்.

"எந்தப் பக்கத்துல?"

"முந்நூத்திப் பன்னிரண்டுலயும்."

அவன் நாற்காலியோடு திரும்பினான். "அக்கா, அந்தப் பெட்டி ஒண்ணுதான் மிச்சம். அதுவும் போச்சுன்னா நம்ம கடை இருக்குன்னே யாருக்கும் தெரியாது. புரியுதா?"

"புரியுது."

"ஒரு லிஃப்ட்காரர் தப்பா பிடிச்சதுக்கு நாம எதுக்கு அக்கா தலையில துண்டு போட்டுக்கணும்?"

"ஒருத்தர் போன் பண்ணார். பண்ணாதவங்க எத்தனை பேர்னு உனக்குத் தெரியுமா? நான் எழுதினதைப் படிச்சு ஒருத்தன் போர்டு எரியுதுன்னா, அப்படிப்பட்ட வாசல் எனக்கு வேண்டாம். மூடு."

படங்களை அப்படியே விட்டோம். எழுத்தில் இருந்த கால் வரிசை முழுவதையும் எடுத்துவிட்டு, எல்லாப் பக்கத்திலும் இரண்டே வரி போட்டோம். 'இதன் கால் வரிசையை எழுத்தில் நம்பாதீர்கள். பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.' கீழே கடைத் தொலைபேசி எண். இதையும் சுருக்க முடிந்தால் சுருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். கிராஃப் கேள்விப்பட்டுப் பதறிப்போய்க் கூப்பிட்டார். "மேடம், பதில் இல்லாத பக்கத்த அது தூக்கிக் கடாசிடும்," என்றார். கடாசட்டும் என்றேன். அவர் அதற்கு என்ன வரைபடம் வைத்திருந்தாரோ, தெரியவில்லை.

அவர் சொன்னபடியே நடந்தது. ஒரு வாரத்தில் பெட்டியிலிருந்து எங்கள் பெயர் மறைந்தது. விசாரணை ஐந்திலிருந்து இரண்டானது. நாங்கள் ஈ ஓட்டினோம். தம்பி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். தப்புச் செய்துவிட்டோமோ என்ற பயம் எனக்கும் வந்தது. சொல்லத்தான் இல்லை.

பத்தாம் நாள் தம்பி தானாகப் பேசினான். "இங்க வந்து பாரு."

பெட்டியில் மறுபடியும் என் நான்கு வரி. கவிழ்த்துப் பிடித்து எண்ணிய அதே கால் வரிசை. அடியில் மட்டும் வேறு பெயர். எங்கள் தொழிலிலேயே பெரிய விநியோகக் கம்பெனி அது. இருக்கிற சின்னக் கடைகளை எல்லாம் விழுங்குவதால் திமிங்கலம் என்போம். தம்பி அவர்கள் பக்கத்தைத் திறந்தான். என் குறிப்பு முழுவதும் அங்கே இருந்தது. 'இதில் இரண்டை நானே கருக்கியிருக்கிறேன், அவசரப்படாதீர்கள்' என்று நான் எழுதியதுகூட, ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. கடைப் பெயர் வரும் இடத்தில் மட்டும் அவர்கள் பெயர்.

"மனுஷன் பண்ற வேலை இல்ல இது," என்றான் தம்பி. "புரோகிராம் ஒண்ணு ஊர்ல இருக்கற சைட்டெல்லாம் மேய்ஞ்சு, நம்ம பேரை மட்டும் மாத்தி அங்க கொட்டுது. யாரும் படிச்சுப் பாக்கறதில்ல. மாசத்துக்கு ஒரு தடவை ஓடும்போல. நாம வரிய எடுக்கறதுக்கு முன்னாடியே வாரிட்டுப் போயிருக்கு."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. திருடினான் என்பதுகூட இரண்டாம் பட்சம். வரியை எடுத்தும் போர்டுகள் எரிந்துகொண்டிருந்தன, அதுதான் தாங்கவில்லை. திமிங்கலத்துக்குப் போன் போட்டேன். பதிவு செய்த குரல் ஒன்று, குறையைப் படிவத்தில் நிரப்பச் சொன்னது. நிரப்பினேன். நன்றி, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. மூன்று தடவை நிரப்பினேன். மூன்று தடவையும் என் கருத்து முக்கியமாக இருந்தது.

தம்பி அன்றைக்குத்தான் வெடித்தான். "நம்மளும் காணாம போனோம், போர்டும் எரியுது. உன் வீராப்புல என்ன மிச்சமாச்சுக்கா, சொல்லு? பழைய வரிய திரும்பப் போட்டா நாமளாவது பிழைப்போம்."

"போடமாட்டேன்."

"ஏன்?"

"தெரிஞ்சே போடறதுக்கு எனக்குக் கை வராதுடா. நாளைக்குக் கடைய மூடினாலும் வராது."

அவன் எழுந்து பின்பக்கம் போய்ச் சரக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கத் தொடங்கினான். ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த பெட்டிகள்தான். நான் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை, கடை திறந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது, தொலைபேசி அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல், ஜவுளி ஆலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவிலிருந்து. திமிங்கலத்தின் பெயரைச் சொல்லி, "அவங்கதானே?" என்றாள்.

"இல்லையே."

"சர்ச்ல அவங்க பேர்தான் போட்டிருக்கு. கால் வரிசைய எழுத்துல நம்பாதீங்க, கையில வெச்சுக்கிட்டு இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு. பாகம் கையிலதான் இருக்கு."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் அதற்குள் தேடிக்கொண்டிருந்தான். திமிங்கலத்தின் புரோகிராம் மறுபடி மேய வந்து, எங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் புதிதாக வாரிக்கொண்டு போயிருந்தது. கடைப் பெயரைத்தான் மாற்றத் தெரியும் அதற்கு. தொலைபேசி எண்ணை மாற்ற யாரும் சொல்லித் தரவில்லை. பழைய வரி இப்போது எங்கேயும் இல்லை. பெட்டிக்குச் சொல்ல இருந்தது அந்த இரண்டே வரிதான், அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"நாம சொன்னா அது பதில் இல்லையாம். அதையே திமிங்கலம் சொன்னா பதிலாம்!" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் சிரிப்பதைப் பார்த்தேன்.

ஆலைக்காரப் பெண்ணுக்குப் பொறுமையாகச் சொல்லி, அவள் மாட்டி, போர்டில் விளக்கு எரிகிறது என்று சொல்லும்வரை இணைப்பிலேயே இருந்தேன். அன்று பத்தொன்பது பேர் கூப்பிட்டார்கள், மறுநாள் நாற்பது. ஒருவர் போர்டும் எரியவில்லை. சொல்லி முடித்ததும் பலர், உங்களிடமே ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது.

வெள்ளிக்கிழமை திமிங்கலமே கூப்பிட்டது. இந்தத் தடவை பதிவு செய்த குரல் இல்லை. மேலாளராம், மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"மேடம், எங்க பக்கத்துல உங்க நம்பர் வருது. எங்க கஸ்டமர்ஸ் எல்லாம் உங்களுக்குக் கூப்பிடறாங்க. இது சரியில்லையே."

"சரியில்லதான். நான் எழுதினதெல்லாம் எடுத்துடுங்க, நம்பரும் போயிடும்."

அந்தப் பக்கம் யாரிடமோ விசாரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அது... எங்க டீமுக்கே எது உங்களோடதுன்னு தெரியல. எந்தெந்தப் பக்கம், எத்தனைன்னு ஒரு லிஸ்ட் மட்டும் குடுத்தீங்கன்னா..." என்று இழுத்தார்.

கடையின் இன்னொரு தொலைபேசியும் அடிக்கத் தொடங்கியது. தம்பி ஓடிப்போய் எடுத்தான்.

"எடுக்கும்போது என்னைக் கேட்டா எடுத்தீங்க?" என்றேன். "உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சுப் பாருங்க. எரிஞ்ச வாசனை எதுல வருதோ அதெல்லாம் என்னோடது."