காந்தத்துக்குள் மஞ்சள்

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் ஞானாம்பிகை தரையில் விழுவாள். மயக்கமன்று, நினைவு முழுமையாக இருக்கும். உச்சிப்புளிக் கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பிய அது மண்டபம் அகதி முகாமைக் கடக்கும்வரை கைகளால் பிடரியை மூடிக்கொண்டு கிடப்பாள். கடந்ததும் எழுந்து சேலையைத் தட்டிக்கொள்வாள். நண்டு அவிக்கும் கொட்டகையில் வேலை பார்ப்பவளுக்கு இது உகந்த வழக்கமன்று. சென்ற மாதம் கொதிநீர் அண்டாவுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தாள்.

கணவர் சசிகரனின் தமையன் செல்வராசா அதே முகாமில் இருந்தார். இந்த விழுகைக்கு அவரிடம் காரணமும் இருந்தது, மருந்தும் இருந்தது.

"அவன் இல்லை எண்டு ஒத்துக்கொள், பிள்ளை. தாலிக்கொடியைக் கழட்டு. நான் செய்யவேண்டிய கிரியையைச் செய்யிறன். உந்த விழுகையும் நிண்டுபோம்."

இலங்கையில் போர் முடிந்த வாரத்தில், விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொல்லி இராணுவத்தார் சசிகரனைப் பேருந்தில் ஏற்றினார்கள். ஏற்றியதை ஞானாம்பிகை பார்த்தாள். இறக்கியதைப் பார்த்தவர் எவரும் இல்லை.

"இருக்கிறார் எண்டு நான் சொல்லேல்லை, அண்ணை. இல்லை எண்டு சொல்ல என்னட்டை ஆதாரமில்லை."

இந்த நிலையில்தான் டாக்டர் மாலதி முகாமுக்கு வந்தார். போரைக் கண்டவர்களின் மூளையைப் படமெடுக்கும் ஆய்வு அவருடையது. இராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் மையத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்திருந்தார்.

"உடம்புல குண்டுச் சில்லு, இரும்பு ஏதாவது இருக்காம்மா?" என்று முதலில் கேட்டார்.

"ஒண்டும் இல்லை. காயம் இல்லாதபடியால்தான் என்ர வருத்தத்தை ஒருத்தரும் நம்பீனமில்லை."

மாலதி அதைக் குறித்துக்கொண்டார். பிறகு விளக்கினார். பயத்தை எழுப்பும் பகுதி ஒன்று. இப்போது ஆபத்தில்லை என்று அதை அடக்கும் பகுதி வேறொன்று. நினைவை வைத்திருப்பது மற்றொன்று. "இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பேசிக்குதுன்னு பார்க்கப் போறோம்."

"என்ர தலைக்குள்ள பேச்சுவார்த்தையோ? எங்கட நாட்டிலயும் எத்தினையோ தரம் நடந்து முறிஞ்சதுதானே."

மாலதி சிரித்துவிட்டார். சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார். "ஒண்ணு சொல்லிடறேன். இது சிகிச்சை இல்ல. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவையும் வரணும். உங்க ஒருத்தர் படத்தை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தாத்தான் ஏதாவது தெரியும்."

"நல்லது. தனிய என்னைப் பாத்து முடிவு சொல்ல வீட்டிலயே ஆள் இருக்கு."

செய்தி செல்வராசாவை எட்டியது. குழாயடியில் நாலு பேர் கேட்கச் சொன்னார்: "அங்கை நகை எல்லாம் கழட்டச் சொல்லுவினமாம். நல்ல விசயம். ஆனால் கழட்டினது கழட்டினதுதான். கட்டினவன் வந்து கட்டாமல் திரும்பக் கழுத்தில ஏறாது." நின்றவர்கள் தலையாட்டினார்கள். வெறுங்கழுத்தாக ஒரு கணம் நின்றாலும் ஞானாம்பிகை விதவை என்பது அவர் கணக்கு. துணைக்குத் தானே வருவதாகவும் அவர் அறிவித்தார்.

போகாமல் இருந்துவிடலாம். ஆனால் இது தாலிக் கோளாறு என்று அவர் எழுதிய தீர்ப்பு அப்படியே நின்றுவிடும். ஞானாம்பிகை அந்த வாரம் கொட்டகையில் நண்டுச் சதையைப் பிரித்தபடி யோசித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த செவ்வந்தி இந்த மாவட்டத்துக்காரி, சிக்கல் என்ற ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவள் கழுத்தில் அன்று தாலி இல்லை; மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சள் தொங்கியது.

"தாலி எங்கை?"

"தட்டான்கிட்ட. கண்ணி விட்டுப்போச்சு. மஞ்சளைக் கட்டிட்டுத்தான கழட்டுனேன். மஞ்சள் கெடந்தா தாலி கெடக்குன்னு அர்த்தம்க்கா. எவன் கேப்பான்?"

"கேக்க ஒராள் இருக்கு" என்றாள் ஞானாம்பிகை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் மையத்தில் இயந்திரத்தை இயக்குபவர் கூத்தையா. அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "வளையல், தோடு, ஊக்கு, தாலி எல்லாத்தையும் இந்தத் தட்டுல வச்சிருங்கம்மா. உள்ள காந்தம். தங்கத்தை இழுக்காது, ஆனா சூடேறும், படமும் கலங்கிரும். இங்கன நானே வாட்ச் கட்டுறதில்ல."

செல்வராசா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஞானாம்பிகை கைப்பையிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்தாள். எல்லோரும் பார்க்க அதைக் கழுத்தில் கட்டினாள். முடிச்சுகளை இழுத்துச் சரிபார்த்தாள். பிறகுதான் கொடியைத் தலைவழியே எடுத்துத் தட்டில் வைத்தாள்.

கூத்தையா எட்டிப் பார்த்தார். "மஞ்சளா? அது பாட்டுக்குக் கெடக்கட்டும்." தட்டைத் தூக்கி, வீட்டு ஆளாயிற்றே என்று, செல்வராசாவின் மடியில் வைத்தார்.

குழாய்க்குள் அவள் செய்ய வேண்டியது சும்மா இருப்பது மட்டுமே. சும்மா இருக்கும்போது மூளை என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு. பயந்தால் அழுத்துமாறு ஒரு ரப்பர்க் குமிழைக் கையில் கொடுத்திருந்தார்கள். இயந்திரத்தின் தட்டல் தொடங்கியது. அது ஹெலிகாப்டர் அன்று, அதைவிட மோசம். உடம்பு விழப் பார்த்தது. ஏற்கெனவே படுத்திருந்ததால் விழ இடமில்லை. குமிழைப் பற்றிய விரல்கள் இறுகின. அழுத்தினால் வெளியே எடுத்துவிடுவார்கள். வெளியே செல்வராசா இருக்கிறார். மூச்சை இழுத்தாள். மஞ்சள் மணந்தது. தட்டல் ஓயும்வரை அவள் அழுத்தவில்லை.

வெளியே வந்து கையை நீட்டினாள். செல்வராசா தட்டைத் தரவில்லை.

"கழட்டியாச்சு, பிள்ளை. இனி இது என்னட்டை இருக்கட்டும்."

"என்ர கழுத்து ஒரு நிமிசமும் வெறுமையா இருக்கேல்லை. நீங்கள் கண்ணால பாத்தனியள்."

"அது வெறும் மஞ்சள்."

"இஞ்சை வெளியில போய்ச் சொல்லிப் பாருங்கோ, இந்த ஊர்ப் பொம்பிளையளிட்ட, மஞ்சள் வெறும் மஞ்சள் எண்டு."

கூத்தையா இருமினார். மாலதி கதவருகில் வந்து நின்றார்.

"அவன் என்ர தம்பி, ஞானம்" என்றார் செல்வராசா. குரல் இறங்கியிருந்தது. "எனக்கு ஒரு கடமை கிடக்கு."

"கிடக்குது. அது உங்கட கடமை, அண்ணை. அதை என்ர கழுத்தில வைச்சுச் செய்யாதேங்கோ."

நீட்டிய கை அப்படியே இருந்தது. அவர் தட்டை நீட்டினார். அவள் கொடியை அணிந்துகொண்டாள், மஞ்சளைக் கழற்றவில்லை. மாலதி அது எதற்கு என்பதுபோல் பார்த்தார்.

"ஆறு மாதத்தில திரும்ப வரச் சொன்னியளெல்லோ."

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது தெற்கே சத்தம் எழுந்தது. ஞானாம்பிகை விழுந்தாள். கையில் முறுக்குப் பொட்டலத்துடன் நின்ற ஒருவர் விலகி இடம் கொடுத்தார். சத்தம் கடலை நோக்கித் தேய்ந்ததும், செல்வராசா நீட்டிய கையைப் பிடிக்காமல் எழுந்தாள், கொடியையும் மஞ்சளையும் தொட்டுப் பார்த்தாள், சேலையைத் தட்டினாள்.

"பாத்தியே, விழுகை நிக்கேல்லை" என்றார் அவர்.

"அவர் செத்திட்டார் எண்டு நான் சொன்னாலும் ஹெலி பறக்கும், அண்ணை."

மண்டபம் பேருந்து வந்தது. அவள் முதலில் ஏறினாள்.