வலப்பக்கம் சாயும் பாட்டுக்காரி

பாட்டுக்காரி வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தாள். ஹெட்போனில் நடு நெற்றிக்கு நேராகக் கேட்க வேண்டிய குரல், வலது காதுப் பக்கம் ஒரு விரற்கடை ஒதுங்கிக் கேட்டது. ஆனால் காதுக்காரரின் நிம்மதியைக் கெடுக்க அது போதும்.

பேரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். குடிநீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அதுதான் பேர். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார்மேல் வைத்து, பிடியை இடது காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். "பேரிங் போகப்போகுது. இன்னும் பத்து நாள்" என்பார். சொன்னபடி பத்தாம் நாள் போகும். எஞ்சினியர்கூட மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் இவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஹெட்போன் ஆம்ப் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பாட்டுக் கேட்க போன் போதாதா, போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் எதற்கு ஒரு பெட்டி என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். "போன்ல வர்றது குழாய்ல சொட்டுற தண்ணி. இதுல வர்றது மோட்டார் போட்டு ஏத்துற தண்ணி." பெட்டியின் மேல் பழைய ரேடியோவில் எரியுமே, அந்த மாதிரி இரண்டு கண்ணாடி வால்வுகள், ஒவ்வொரு காதுக்கும் ஒன்று. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மச்சினன் சாமான் வாங்கிச் சால்டர் வைத்துக் கொடுத்தது.

புது ஆம்ப் என்றால் உடனே குறை சொல்லக் கூடாது, இருநூறு மணி நேரம் ஓடவிட வேண்டும், ஓட ஓடத்தான் இளகும் என்பது இந்தப் பைத்தியம் பிடித்த கூட்டத்தின் வேதம். காதுக்காரரும் படுக்கையறை அலமாரியில் அதை இரவு பகலாக ஓடவிட்டார். பெண்டாட்டி தன் தோழியிடம் போனில் சொன்னாள், "எங்க வீட்டுல ஒரு பொட்டி அடைகாக்குதுடி." இவரோ தினமும் சாயங்காலம் உட்கார்ந்து கேட்டு நோட்டில் எழுதினார். 'நாற்பது மணி: அடிச்சத்தம் இறுகியிருக்கிறது. தொண்ணூறு: கிதார் திறக்கிறது. நூற்று முப்பது: பாட்டுக்காரி இன்னும் வலப்பக்கம்.'

இருநூறு முடிந்தது. அம்மணி அசையவில்லை.

சரி, வால்வு மட்டம் என்று வேறு வால்வு போட்டார். மறுபடி இருநூறு மணி. கண்டென்சர்களை மாற்றினார், சத்தம் கூட்டுகிற குமிழை மாற்றினார், வயரை மாற்றினார். மறுபடி இருநூறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை தெரியாதவரா அவர்? தெரியும். தெரிந்ததால்தான் இந்தப் பாடு.

ஏனென்றால் போன மாதம் ஒன்று நடந்தது. மூன்றாம் நம்பர் பம்பில் காதை வைத்துவிட்டு "தங்கம் மாதிரி ஓடுது" என்றார். நாலாம் நாள் பேரிங் சிக்கி பம்ப் நின்றது. பாதி ஊருக்கு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லை. "உங்க காதுக்கே தப்பிச்சிருச்சா?" என்று எஞ்சினியர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கிரீஸ் மட்டம் என்று இவர் மழுப்பிவிட்டார். அன்று முதல் அவருக்கு உள்ளுக்குள் பயம். ஆம்ப் கெட்டிருக்க வேண்டும். அது கெட்டுத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் என்ன என்று யோசிக்கவே அவர் தயாராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினன் தன் அளவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்டியில் மாட்டி, இரண்டு பக்கத்தையும் அளந்தான்.

"மாமா, ரெண்டு பக்கமும் நூல் பிடிச்ச மாதிரி சமம்."

"மீட்டருக்கு என்னடா தெரியும்?"

"அப்ப இன்னொரு ஜோடி வால்வு வாங்குங்க. இன்னொரு இருநூறு மணி ஓட்டுங்க. எனக்கென்ன?"

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டி நிமிராமலே கேட்டாள். "ஏங்க, புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு முதல் நாள் என்ன சொல்லித் தருவீங்க?"

"மாத்திப் போட்டுப் பாருன்னு சொல்லுவேன். ரெண்டு பம்ப் இருக்கு, ஒண்ணுல சத்தம் வருது. இதுல இருக்கிற சாமானக் கழட்டி அதுல போடு. சத்தமும் கூடவே போனா சாமான்ல கோளாறு. போகலன்னா பம்புல கோளாறு. இதுகூடத் தெரியாதா?"

"வால்வ இடம் மாத்திப் போட்டீங்களா?"

"போட்டேன். அவ அசையல."

"வயர?"

"அதுவும்தான்."

"ஹெட்போன?"

காதுக்காரர் ஹெட்போன் பக்கம் விரலை நீட்டினார். "இடதுன்னு அச்சடிச்சிருக்குடி அதுல! அத வலது காதுல போடச் சொல்றியா? செருப்பக் கால் மாத்திப் போடுற மாதிரி?"

"ஒரு பாட்டுக்குத்தானே."

இத்தனை நாள், எத்தனையோ சாமான். இந்த ஒன்றை மட்டும் அவர் செய்து பார்க்கவில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தார் மனுஷன். ஹெட்போனைக் கையில் எடுத்துத் திருப்பினார். ஆம்பில்தான் கோளாறு என்றால் இப்போது பாட்டுக்காரி இடப்பக்கம் போக வேண்டும். 'போயிடு தாயே' என்று மனசுக்குள் கெஞ்சினார். போட்டுக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. அவள் வலப்பக்கமே நின்று பாடினாள்.

கழற்றி நேராகப் போட்டார். வலது. மறுபடி திருப்பினார். வலது. மூன்று தடவை பார்த்துவிட்டு, ஹெட்போனை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"ஆம்ப் நல்லா இருக்கு" என்றார்.

"அதத்தானே மாமா நானும்..." என்று ஆரம்பித்த மச்சினன் அக்காவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

பிறகு அவர் பெண்டாட்டியிடம் கேட்டார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கட்டில்ல நான் ஏன் இடம் மாத்திப் படுத்தேன்?"

"ஜன்னல் வெளிச்சம் கண்ணுல படுதுன்னு..."

"உங்க இடப்பக்கம் படுத்துக்கிட்டு நான் கேட்ட எதுக்கும் நீங்க 'ம்' போடல. முதல்ல கோவம்னு நினைச்சேன். வலப்பக்கம் போய்ப் படுத்தா ஊர்க்கதை எல்லாம் பேசுறீங்க."

"சொல்ல வேண்டியதுதானே?"

"மீட்டரயே நம்பாத ஆளு, நான் சொல்லியா நம்பப் போறீங்க? நீங்களே மாத்திப் போட்டுப் பாப்பீங்கன்னு இருந்தேன். இவ்வளவு நாள் எடுத்துக்குவீங்கன்னு நான் கண்டேனா?" சிரிக்கத்தான் பார்த்தாள். குரல் உடைந்துவிட்டது.

"மூணாம் நம்பர் பம்ப்..." என்றார் அவர்.

"ம்."

"கிரீஸ் நல்ல கிரீஸ்தான். நான்தான்டி கேக்கல. நாளைக்கு எஞ்சினியர்ட்ட சொல்லிடணும்." சொல்லி முடித்ததும் மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கினாற்போல இருந்தது. மேசைமேல் வால்வுகள் இரண்டும் சமமாக மினுங்கிக்கொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று மச்சினன் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, உன் மெஷின்ல கீழ இருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு சுதியா தனித்தனியா வருமா?"

"வரும் மாமா. எதுக்கு?"

"டாக்டர்ட்டப் போறோம், சரி. அதுக்கு முன்னாடி எந்தச் சுதியில என் காது அறுந்து போகுதுன்னு பாத்துடலாம். மாட்டு."

பெண்டாட்டி எழுந்து போய் ஆம்ப் நோட்டை எடுத்து வந்தாள். அவருக்கு வலப்பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதுப் பக்கம் திருப்பி, மேலே 'இடது காது' என்று எழுதினாள். மற்ற பக்கங்களில் இருந்ததைப் போலவே கீழே ஒரு கோடு போட்டாள்.

"எத்தன மணி நேரம் ஓடியிருக்குன்னு போடட்டும்?"

அவர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அம்பத்தோரு வருஷம்னு போடு."